அப்பியாவிலிருந்து பாகோ பாகோ: 40 நிமிடப் பறப்பு, ஒரு நாள் பின்னே

"சமோவாவிலிருந்து அமெரிக்கன் சமோவா எவ்வளவு தூரம்ணே?" எங்களிடம் புதிதாக வேலைக்குச் சேரும் தம்பிகள் முதலில் இதைத்தான் கேட்பார்கள். சமோவாவின் தலைநகர் அப்பியாவிலிருந்து அமெரிக்கன் சமோவாவின் பாகோ பாகோவுக்கு, விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் அளந்தால் சுமார் 150 கிலோமீட்டர். மதுரையிலிருந்து தூத்துக்குடி போகிற தூரம்தான். வானத்தில் 35, 40 நிமிடம். ஆனால் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஏறினால் திங்கட்கிழமை காலை பத்தே முக்காலுக்கு இறங்குவோம். இதைச் சொன்னதும் தூரத்தை மறந்துவிட்டு "அதெப்படிண்ணே?" என்று உட்கார்ந்துவிடுவார்கள். அங்கிருந்துதான் உருப்படியான பேச்சு தொடங்கும். எந்தெந்தக் கிழமையில் விமானம் இருக்கிறது, உங்கள் எடை எவ்வளவு, பெட்டிக்குள் என்ன இருக்கிறது, இறங்குகிற இடத்தில் என்ன தேதி? பசிபிக்கில் பயண நேரத்தை முடிவு செய்பவை இவைதான். கிலோமீட்டர் கடைசியில் வரும்.

நான் தூத்துக்குடியில் ஐஸ் பிளான்ட்டில் தொழில் கற்றவன். இப்போது ஃபிஜியின் சூவாவில் இருந்துகொண்டு சுற்றியுள்ள தீவுகளில் மீன், இறைச்சி வைக்கும் குளிர்பதன அறைகளைப் பழுது பார்க்கிறேன். பாகோ பாகோ துறைமுகம் சூரை மீனை டப்பாவில் அடைத்துப் பிழைக்கிற ஊர். அங்கே கோல்டு ரூம்களுக்குப் பஞ்சமில்லை, அவை கெட்டுப் போவதற்கும் பஞ்சமில்லை. அறை சூடேறிக்கொண்டிருக்கும்போது "எப்ப வருவீங்க?" என்று ஃபோன் வரும். அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லத்தான் இந்தக் கணக்கையெல்லாம் படித்துக்கொண்டேன்.

முதல் சிக்கல் வரைபடம். நம் பள்ளிச் சுவரில் தொங்கும் உலகப் படம் பசிபிக்கை நடுவில் வெட்டிவிடும். ஃபிஜி வலது ஓரத்தில், சமோவா இடது ஓரத்தில். பார்த்தால் உலகத்தின் இரண்டு எல்லைகள் போலத் தெரியும். உண்மையில் ஃபிஜியின் நாடி விமான நிலையம் கிழக்குத் தீர்க்கரேகை 177 டிகிரியில் இருக்கிறது, அப்பியாவின் ஃபலேயோலோ விமான நிலையம் மேற்கு 172ல். இரண்டையும் கூட்டினால் 349. அதை 360ல் கழித்தால் மீதி 11 டிகிரிதான். பூமத்திய ரேகையை ஒட்டி ஒரு டிகிரிக்கு 111 கிலோமீட்டர், இந்த அட்சரேகையில் 107 என்று வைத்துக்கொள்ளலாம். தெற்கு வடக்கு வித்தியாசத்தையும் சேர்த்தால் நாடிக்கும் அப்பியாவுக்கும் சுமார் 1,200 கிலோமீட்டர் வரும். அங்கே இங்கே தேடாமல் தாளில் போட்டுப் பார்க்கலாம். 180 டிகிரியைத் தாண்டுகிறோமா என்பதை மட்டும் கவனித்தால் போதும்.

தூரம் கிடைத்ததும் நேரம். இது என் சொந்தக் கைக்கணக்கு, விமானி யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஜெட் என்றால் கிலோமீட்டரை 800ஆல் வகுத்து அரை மணி சேர்ப்பேன். நாடியிலிருந்து அப்பியா இரண்டு மணி நேரம். இரட்டை விசிறி வைத்த ஏடிஆர் என்றால் 480ஆல் வகுத்து இருபது நிமிடம். சூவாவிலிருந்து துவாலுவின் ஃபுனாஃபுட்டி சுமார் 1,060 கிலோமீட்டர், ஆக இரண்டரை மணி நேரம். இரண்டில் நாடி, அப்பியா தூரம்தான் அதிகம், ஆனால் ஃபுனாஃபுட்டிக்குத்தான் நேரம் அதிகம். என்ன விமானம் என்று கேட்காமல் நேரம் சொல்லக் கூடாது என்பது இதனால்தான். பாகோவுக்குப் போகிற ட்வின் ஆட்டர் என்ற சின்ன விமானத்துக்கு 270ஆல் வகுத்துப் பத்து நிமிடம். சேர்க்கிற அந்த நிமிடங்கள் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதற்கும், ஏறி இறங்குவதற்கும். டிக்கெட்டில் உள்ள நேரம் சக்கரக் கட்டை எடுப்பதிலிருந்து சக்கரக் கட்டை வைப்பது வரை. வானத்தில் இருக்கும் நேரம் மட்டும் அல்ல.

(ஃபுனாஃபுட்டி பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். அங்கே விமானம் இல்லாத நேரத்தில் ஓடுபாதைதான் ஊர் மைதானம். சாயங்காலம் வாலிபால், கால்பந்து, மோட்டார் சைக்கிள் எல்லாம் அதில்தான். விமானம் வருமுன் சைரன் ஊதும், எல்லோரும் ஒதுங்குவார்கள்.)

இனி அந்த 150 கிலோமீட்டர். ட்வின் ஆட்டரில் 19 இருக்கை. எரிபொருள், ஆட்கள், பெட்டி எல்லாம் சேர்த்து 5,670 கிலோவுக்கு மேல் அது கிளம்பக் கூடாது. அதனால் கவுன்டரில் பெட்டியை எடை போட்டு முடித்ததும் "நீங்களும் ஏறுங்க" என்பார்கள். தோளில் கைப்பையோடு அதே தராசில் ஏறி நிற்க வேண்டும். அந்த அம்மா எண்ணைப் பார்த்துப் பேனாவால் பயணிகள் பட்டியலில் எழுதுவார், வாய்விட்டுச் சொல்ல மாட்டார். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் மட்டும் எட்டிப் பார்ப்பார்கள். சமோவாக்காரர்கள் ஆஜானுபாகுவானவர்கள், அவர்களுக்கு இதில் கூச்சம் கிடையாது. தராசில் ஏறி நின்று தங்களையே கிண்டல் செய்துகொள்வார்கள். யார் முன்னால், யார் பின்னால் என்பதை அந்தப் பட்டியல்தான் தீர்மானிக்கும். 2013ல் சமோவா ஏர் என்ற சிறு நிறுவனம் ஆளின் எடைக்குக் கிலோ கணக்கில் கட்டணம் வாங்கியபோது உலகமே சிரித்தது. இந்தத் தராசில் ஒருமுறை ஏறியவனுக்கு அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. பெரிய ஆட்கள் நிறைய வந்துவிட்ட நாளில் பெட்டிகள்தான் கீழே நிற்கும். அடுத்த விமானத்தில் அனுப்புவார்கள். எனவே கருவிப் பையில் எது இல்லாமல் வேலை ஓடாதோ அதை மட்டும் கைப்பையில் எடுத்துக்கொள்வேன். எனக்கு அது கேஸ் அழுத்தம் பார்க்கிற கேஜ் செட்டும், கரன்ட் பார்க்கிற மல்டிமீட்டரும். மாற்றுச் சட்டை ஒருநாள் தாமதமாக வந்தால் யாரும் சாகப் போவதில்லை.

விமானம் சக்கரத்தை மடக்காது, ஜன்னலுக்குக் கீழே அது தொங்கிக்கொண்டே வரும். விமானிகளின் முதுகும் முன்கண்ணாடியும் இருக்கையிலிருந்தே தெரியும். ஃபலேயோலோ உப்போலு தீவின் மேற்குக் கோடியில் இருப்பதால் பயணத்தில் கிட்டத்தட்டப் பாதித் தூரம் அந்தத் தீவின் பக்கமாகவே பறப்போம். அப்பியா நகரம், கோயில் கோபுரம் மாதிரி வெள்ளையாக நிற்கும் தேவாலயங்கள், தென்னந்தோப்பு, பவளத்திட்டின் வெள்ளைக் கோடு. பிறகு கொஞ்சம் வெறுங்கடல். கடல் அலுத்துப் போவதற்குள் பாகோ இருக்கிற துட்டுயிலா தீவின் மலை முதுகு எழும்பிவிடும்.

போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று. இங்கே ஆண்டின் பெரும்பகுதி தென்கிழக்கிலிருந்து வியாபாரக் காற்று வீசும், பாகோவும் அந்தத் திசையில்தான். மணிக்கு 280 கிலோமீட்டர் பறக்கிற விமானத்துக்கு 35 கிலோமீட்டர் எதிர்காற்று அடித்தால் 37 நிமிடம் ஆகும். அதே காற்று முதுகில் தள்ளினால் 29 நிமிடம். ஜெட்டுக்கு இது கொசுக்கடி. சின்ன விமானத்துக்கு அப்படியல்ல. நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம் வேறு. அந்த மாதங்களில் பாகோ வேலை முடிந்த மறுநாளே நாடி விமானம் என்று நான் டிக்கெட் போடுவதில்லை.

வானத்தில் 40 நிமிடம் என்றாலும் கதவிலிருந்து கதவு வரை பார்த்தால் அரை நாள் போய்விடும். அப்பியா நகரத்திலிருந்து ஃபலேயோலோ 35 கிலோமீட்டர், வழியெல்லாம் ஊர், எல்லா ஊரிலும் வேகத்தடை, ஆக முக்கால் மணிக்குக் குறையாது. பக்கத்துத் தீவானாலும் வெளிநாடு. இரண்டு மணி நேரம் முன்னால் நிற்கச் சொல்வார்கள். இறங்கியதும் குடிவரவு, சுங்கம். எப்படிப் பார்த்தாலும் ஐந்து மணி நேரம். இரவுக் கப்பலும் உண்டு. அதில் போனால் ஓர் இரவு, வயிறு தாங்கினால்.

இப்போது அந்தத் தேதி விவகாரம். இரண்டு சமோவாவிலும் ஒரே மொழி, ஒரே சனம், அண்ணன் இங்கே தம்பி அங்கே என்ற குடும்பங்கள். 2011 வரை இரண்டிலும் ஒரே தேதிதான். அந்த ஆண்டு டிசம்பர் 29, வியாழன் இரவு பன்னிரண்டு அடித்ததும் சமோவாவில் 31, சனிக்கிழமை பிறந்தது. 30ஆம் தேதி வெள்ளிக்கிழமை அந்த நாட்டில் நடக்கவே இல்லை. அப்போதைய பிரதமர் துயிலாய்பா சொன்ன காரணம் வியாபாரம். நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் திங்கட்கிழமை கடை திறக்கும்போது சமோவா ஞாயிறு ஆராதனையில் இருந்தது. இவர்கள் வெள்ளிக்கிழமை வேலை பார்க்கும்போது அவர்கள் சனிக்கிழமை வீட்டில் இருந்தார்கள். அதற்கு முன்னால், 1892ல், அமெரிக்க வியாபாரத்துக்கு வசதியாக இதே நாடு எதிர்ப்பக்கம் தாவியது. அப்போது ஜூலை 4ஆம் தேதி இரண்டு முறை வந்தது. தேதி மாறுகிற இந்தத் தேதிக்கோடு கடலில் வரைந்த கோடு இல்லை, வியாபாரி வரைந்த கோடு என்பது என் அபிப்பிராயம்.

பலன் என்னவென்றால் சமோவா இப்போது உலகப் பொது நேரமான யூடிசிக்கு 13 மணி நேரம் முன்னால், அமெரிக்கன் சமோவா 11 மணி நேரம் பின்னால். வித்தியாசம் சரியாக 24 மணி. கைக்கடிகாரத்தைத் தொடவே வேண்டாம், தேதி மட்டும் மாறும். இந்தச் சௌகரியம்தான் ஆளைக் கவிழ்க்கிறது. இரண்டு மணி நேரம் மாறினால் உடம்பு சொல்லும், வெயில் சொல்லும். நாள் மாறியதை எதுவும் சொல்லாது. பழைய வலைத்தளங்களில் 25 மணி வித்தியாசம் என்று இருந்தால் அது சமோவா கோடைக்கால நேரம் வைத்திருந்த காலத்துக் கணக்கு. 2021லிருந்து அது இல்லை.

எங்களோடு வேலை பார்த்த, ஃபிஜியின் லபாசா ஊர்க்காரர் ஒருவருக்கு நடந்தது இது. டிக்கெட் போட்டுக் கொடுத்த ஏஜென்ட், பாகோவிலிருந்து வியாழன் மாலை நாலு மணி விமானம், அப்பியாவில் வியாழன் இரவு ரூம், வெள்ளி காலை நாடி விமானம் என்று அழகாக அச்சடித்துக் கொடுத்திருந்தார். பார்த்தால் குறையே தெரியாது. ராத்திரி நன்றாகத் தூங்கிவிட்டுப் போகலாம் என்றுதான் தோன்றும். வியாழன் நாலு மணிக்கு ஏறியவர் வெள்ளி நாலே முக்காலுக்கு இறங்கினார். நாடி விமானம் காலையிலேயே போயிருந்தது. வியாழன் இரவு ரூமுக்கு ஆள் வரவில்லை என்று முழு வாடகையும் பிடித்துவிட்டார்கள். அடுத்த சீட் கிடைக்கும்வரை அப்பியாவில் இருந்தார், அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சமோவாவில் ஞாயிறு என்றால் கடை கிடையாது, வெளியே ஆள் நடமாட்டம் கிடையாது. காலையில் வெள்ளை உடுத்திக் கோயிலுக்குப் போவார்கள், மதியம் வீட்டுக்கு வீடு உமு என்கிற கல் அடுப்பின் புகை. யாராவது கூப்பிட்டால் விருந்து, கூப்பிடாவிட்டால் பிஸ்கட். இவரை லாட்ஜ்காரம்மா கூப்பிட்டுவிட்டார், தேங்காய்ப்பாலில் வெந்த கிழங்கு இலையைப் பற்றி இன்னும் பேசுகிறார்.

அதற்குப் பிறகு எங்கள் எல்லோருடைய பயணத் தாளிலும் ஒரு பத்தி கூடுதலாக இருக்கும். கிளம்பும் ஊர்த் தேதி, இறங்கும் ஊர்த் தேதி, மூன்றாவதாக சூவாத் தேதி. மூன்றாவது பத்தி மேலிருந்து கீழே ஏறுவரிசையில் போக வேண்டும். எங்காவது அடுத்த விமானம் முந்தைய விமானத்துக்கு முன்னால் வந்தால் அந்த டிக்கெட்டில் கோளாறு. கிழக்கே தேதிக்கோட்டைத் தாண்டினால் ஒரு நாள் கழி, மேற்கே தாண்டினால் ஒரு நாள் கூட்டு என்று மனப்பாடமும் செய்யலாம். ஆனால் களைத்துப் போன நேரத்தில் மனப்பாடம் கைகொடுக்காது, தாள் கொடுக்கும். சர்க்கரை மாத்திரையைக் கிழமை எழுதிய டப்பாவில் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் கிழமையைப் பார்க்காமல் வரிசைப்படி எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். திங்கள் டப்பா காலியாக இருக்கிறதே என்று திகைக்க வேண்டாம்.

வேலை நாட்களும் இதில் அடிபடும். அப்பியாவின் திங்கள் பாகோவில் ஞாயிறு. பாகோவின் வெள்ளி அப்பியாவில் சனி. இரண்டு ஊரிலும் ஒரே நேரத்தில் அலுவலகம் திறந்திருப்பது வாரத்தில் நான்கு நாள்தான். அப்பியாவில் உள்ள உதிரிபாகக் கடையிலிருந்து பாகோவுக்கு ஏதாவது வரவழைக்க வேண்டுமென்றால் பாகோவில் வியாழனுக்குள் பேசி முடித்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை ஃபோன் அடித்தால் மணி மட்டும் அடிக்கும்.

இதைவிட வேடிக்கை கிரிபாத்தி என்ற தீவு நாட்டில். தலைநகரம் டராவாவும் கிறிஸ்துமஸ் தீவு என்கிற கிரிட்டிமாட்டியும் ஒரே நாடு, நடுவில் சுமார் 3,280 கிலோமீட்டர் கடல். பல ஆண்டுகள் தலைநகரத்திலிருந்து அந்தத் தீவுக்குப் போக வேண்டுமென்றால் தெற்கே நாடிக்கு வந்து, மறுபடி வடகிழக்கே ஏற வேண்டியிருந்தது. உள்நாட்டுப் பயணத்துக்கு வெளிநாட்டில் விமானம் மாற்றம். தூரம் 5,700 கிலோமீட்டர். கிரிட்டிமாட்டிக்கும் ஹொனலூலுவுக்கும் கடிகாரம் ஒன்று, தேதி மட்டும் வேறு. நாட்டுக்குள்ளேயே தேதிக்கோடு ஓடியதைச் சகிக்காமல் 1995 தொடக்கத்தில் அவர்கள் கோட்டைக் கிழக்கே வளைத்ததன் விளைவு அது.

பாகோவுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு இன்னும் சில. அமெரிக்கக் கொடி பறந்தாலும் அமெரிக்காவின் குடியேற்றச் சட்டம் அந்தத் தீவில் செல்லாது. நுழைவு அனுமதி தருவது தீவின் சொந்த அரசு. அங்கிருந்து அப்பியாவுக்கே திரும்புவதாக இருந்தால் அது போதும். விமானம் ரத்தாகி, ஹொனலூலு வழியாகப் போய்விடலாமே என்று யோசித்தால் அங்கே அமெரிக்க விசா கேட்பார்கள், தவிர அது சுமார் 4,200 கிலோமீட்டர், ஐந்தரை மணி நேரம். சமோவாவில் 2009 செப்டம்பர் 7லிருந்து வண்டி இடப்பக்கம் ஓடுகிறது, பாகோவில் வலப்பக்கம். 40 நிமிடத்தில் அந்தப் பழக்கம் மாறாது, சாலையைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பாருங்கள்.

நம் தொழிலில் இருப்பவர்களுக்குத் தனியாக: அப்பியாவில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பாகோவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். சூவா ஸ்டோரிலிருந்து எடுத்துப் போகிற கன்டாக்டர் காயில் அங்கே இழுக்காது, உர்ர் என்று முனகும். மோட்டாரும் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் ஓடும். பெயர்ப்பலகையை ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லாமல் கிளம்பாதீர்கள். கேஸ் சிலிண்டர் எந்தச் சின்ன விமானத்திலும் ஏறாது, முன்கூட்டியே கப்பலில் போக வேண்டும், அல்லது அங்கேயே வாங்க வேண்டும். வேக்குவம் பம்ப்பில் எண்ணெயை வடித்துத் துடைத்துவிட்டுக் கொண்டுபோங்கள். தராசு அதற்கும் உண்டு.

நாடியில் தங்க நேர்ந்தால் கவலைப்படாதீர்கள். அப்பியா விமானம் எல்லா நாளும் கிடையாது என்பதால் தங்க நேரும். கடைத்தெருவின் கோடியில் சிவசுப்பிரமணியர் கோயில், கல்வேலையும் வண்ணமும் நம் ஊர் போலவே. 1903 முதல் மதராஸிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர்களின் பேரன் பேத்திகள் அங்கே வருவார்கள். பெயரில் கவுண்டர், பிள்ளை, நாயுடு. வாயில் ஃபிஜி ஹிந்தி. திருநீறு கொடுக்கும்போது மட்டும் தமிழ் எங்கிருந்தோ வரும்.

எங்கள் அலுவலகத்தில் இந்தத் தேதிக்கோட்டோடு கடைசிவரை சண்டை போட்டவர் கணக்கு பார்க்கும் அம்மா. ஒரே திங்கட்கிழமைக்கு இரண்டு பேட்டா கேட்கிறீர்களே என்பார். திரும்பி வரும்போது வியாழன் இரவு எங்கே தூங்கினீர்கள், பில் இல்லையே என்பார். அப்படி ஒரு இரவே எங்களுக்கு இல்லை என்று சொன்னால் நம்புகிற முகமா அது! இப்போது தேதியை விட்டுவிட்டு ரூம் பில்லில் இருக்கும் ராத்திரிகளை எண்ணிப் பேட்டா போடுகிறார். அப்பியாவில் திங்கள் ராத்திரி ஒன்று, பாகோவில் திங்கள் ராத்திரி ஒன்று. இரண்டு பில்லையும் சேர்த்துப் பின் அடித்துக் கொடுத்தால் பேசாமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்.